முகவரி சரியில்லாத இருவர்

ஜூலை 9, புதன்

டாக்டர் ஜமீலா இன்று எங்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஆய்வு முடியும்வரை அன்றன்று பார்த்ததை எழுத வேண்டுமாம், ஆனால் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். பார்க்கமாட்டோம் என்று சொல்லி எழுதச் சொல்கிற முதல் அரசு அலுவலகம் இதுவாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். ஊரில் மஞ்சள்காமாலை பரவுகிறது. அரசு ஆஸ்பத்திரிக் கணக்குப்படி போன மாதம் ஒன்பது பேர். டாக்டருக்கு அந்த ஒன்பதில் நம்பிக்கை இல்லை.

“மஞ்சக்காமாலை வந்தா இந்த ஊர்ல யாரு முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறா, மங்கை? நீங்களே சொல்லுங்க.”

யாரும் போவதில்லை. எல்லோரும் கீழக்குளம் சுடலையாண்டி வைத்தியரிடம்தான் போவார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, பத்தியம். அதனால் புள்ளியியல் உதவியாளராகிய நான் இனிமேல் காலையில் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர், முகவரி, வெளியே எங்கே சாப்பிடுவார்கள், எங்கே தண்ணீர் குடிப்பார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டும். ஆஸ்பத்திரிப் பட்டியல் ஒன்று, வைத்தியர் பட்டியல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் சிக்காதவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிடலாமாம்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. கல்யாண வீட்டில் வாசலில் சந்தனம் கொடுப்பவள் பார்த்த முகங்கள், பந்தியில் பரிமாறுகிறவன் பார்த்த முகங்கள். இரண்டு பேரும் அதே ஆட்களைத்தான் பார்த்தார்கள் என்றால் வந்த கூட்டம் அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் வேறு முகமாகச் சொன்னால் யாருமே பார்க்காமல் வந்து போனவர்கள் நிறைய.

வீட்டுக்கு வந்து இதை இவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தால் சாப்பிடாமல் படுத்துவிட்டார். கோமதி மெஸ் வைத்து ஊருக்கே சோறு போடுகிற ஆவுடையப்ப பிள்ளைக்குச் சோற்று வாசனை குமட்டுகிறதாம்.

ஜூலை 10, வியாழன்

பித்தம் என்கிறார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஜெசிந்தா. கடற்கரைப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது, எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. தலைச்சன் பிள்ளை, ஆறாம் மாதம். வெயிலில் அலைய வேண்டுமே என்றேன்.

“வீட்ல இருந்தா மாமியாகிட்ட அலையணும். அதுக்கு இது எவ்வளவோ மேலுக்கா.”

மத்தியானம் அவளை நம் மெஸ்ஸுக்கே கூட்டிப்போனேன். வெளியில் பச்சைத்தண்ணீர் தொடமாட்டாளாம், கொதிக்கவைத்ததுதான் குடிப்பாளாம். எங்கள் மெஸ்ஸில் சீரகத் தண்ணீர் தவிர வேறு கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். சமையல்கட்டு வேலாண்டி அவள் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தான். வெதுவெதுப்பாக, லேசான மஞ்சள் நிறத்தில். இனிமேல் தினமும் இங்கேதான் பிடித்துக்கொள்வேன் என்றாள்.

ஜூலை 19, சனி

இவர் கண் மஞ்சளாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் குண்டு பல்பு, அதில் எல்லாமே அப்படித்தான் தெரியும். வெளிச்சத்துக்கு வாருங்கள் பார்ப்போம் என்று கூப்பிடத் தோன்றியது. கூப்பிடவில்லை.

ராத்திரி அவராகவே கேட்டார். “ஏட்டி, அந்த வைத்தியர்ட்ட எந்நேரம் கூட்டம் கம்மியா இருக்கும்?”

“யாருக்கு?”

“சும்மா கேட்டேன்.”

ஜூலை 22, செவ்வாய்

வைத்தியரின் முற்றம். வேப்பமரத்தடியில் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை. வைத்தியருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். “எம்மா, நீ பேரு எழுத எழுத எனக்குக் கூட்டம் கொறையுது. போலீசு மாதிரி உக்காந்திருக்கே.” நான் சிரித்து மழுப்பினேன்.

வந்தவர்கள் பதினாறு பேர். பதினான்கு பேரை எழுதியிருக்கிறேன். இரண்டு பேருக்கு முகவரி சரியாக இல்லை.

திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேரும் பைக்கில் எனக்கு முன்பே போய்விட்டார்கள்.

ஜூலை 23, புதன்

வீட்டில் தாளிப்பதை நிறுத்தியாயிற்று. ஆடி மாதம், விரதம் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

மெஸ்ஸுக்கு விடுமுறை. சுத்தம் செய்யும் சாக்கில் சமையல்கட்டுக்குப் போனேன். வேலாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கக்கூட முடியவில்லை அவனால்.

“ஒனக்கும் பத்தியமாடே?”

“அண்ணாச்சிதான் கூட்டிட்டுப் போனாவ அக்கா. ஒங்களுக்குத்தான் தெரியுமே.”

எனக்குத் தெரியும்தான். பிறகு எதற்குக் கேட்டேனோ.

சீரகத் தண்ணீரை எப்படிப் போடுவோம் என்று எழுதிவைக்கிறேன். கல்யாணமான புதிதில் நானே போட்டிருக்கிறேன். சின்னத் தவலையில் சீரகத்தைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க இறக்குவோம். அந்தச் சூட்டில் யாராலும் குடிக்க முடியாது. பந்தி தொடங்கிவிட்டால் ஆறவைக்கவும் நேரமில்லை. அதனால் பெரிய டிரம்மில் ஊற்றி, மேலே நாலைந்து குடம் பச்சைத்தண்ணீர் விட்டுக் கலப்போம். வெதுவெதுப்பாகிவிடும், நிறமும் இருக்கும், வாசனையும் இருக்கும். குடிக்கிறவர்கள் கொதித்த தண்ணீர் என்று நம்பிக் குடிப்பார்கள். நாங்களும் அப்படி நம்பித்தான் இத்தனை வருஷம் ஊற்றியிருக்கிறோம்.

அந்தப் பச்சைத்தண்ணீர் வருவது பின்கட்டுத் தரைத்தொட்டியிலிருந்து. தொட்டிக்கு அந்தப் பக்கம் சாக்கடை. வைகாசி மழையில் சாக்கடை பொங்கியபோது தொட்டிச் சுவரில் ஈரம் கசிவதைக் காட்டிச் சொன்னேன். ஆடி கழியட்டும், கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்றார்.

இன்று வீட்டில் பெரிய சண்டை. ஒரு வாரம் கடையை மூடுங்கள் என்றேன்.

“மூடுனா என்னத்துக்கு மூடுனான்னு கேப்பான். பல்லிக் கடை கதை ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஓட்டலில் சாம்பாரில் ஒரே ஒரு நாள் பல்லி கிடந்தது. அதன்பிறகு அந்த ஓட்டலின் சொந்தப் பெயரே ஊருக்கு மறந்துபோனது. முதலாளி ஊரைவிட்டே போய்விட்டார், இடம் இன்னும் பல்லிக் கடைதான்.

“நம்மள மஞ்சக்காமாலை மெஸ்ஸும்பான். எங்கய்யா ஆரம்பிச்ச கடைட்டி.” சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. மூடச் சொல்வதை விட்டுவிட்டேன். பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து தொட்டியில் நானே கரைத்துவிட்டேன். இதைவிட ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்?

ஜூலை 28, திங்கள்

ஜெசிந்தாவுக்கு வீட்டிலிருந்தே தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோனேன். “எதுக்குக்கா சொமக்கிறீய? மெஸ்லதான் கெடைக்குல்லா?” என்றாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு என் கையால் கொடுக்க ஆசை என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

தண்ணீரில் மருந்து நாற்றம் அடிக்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். இவர் பிளீச்சிங் பவுடர் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

வைத்தியர் முற்றத்தில் இன்று ஒரு பாத்திரக்கடைப் பையன், இரண்டு லாரி ஆபீஸ் ஆட்கள். “வெளியில எங்கன சாப்பிடுவீய?” என்று கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நான் மூன்று பேருக்கும் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதினேன். ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் வீட்டில்தானே. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டு ஆய்வுக்குக் குலுக்கல் முறையில் தெருக்களை எடுத்தார்கள். எங்கள் தெரு விழுந்தது. தெருவில் எங்கள் வீடும் விழுந்தது. சாயங்காலம் ஜெசிந்தா மூச்சிரைக்க வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். இவர் உள்ளறையில் படுத்திருந்தார்.

“ஒங்ககிட்ட கேக்கவா செய்யணும்? ஆனா வாய்விட்டு வாசிச்சுக் கேக்கணும்னு டாக்டர் ஆர்டர்.” தொண்டையைச் செருமிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போல வாசித்தாள். “கடந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது மஞ்சள்காமாலை இருந்ததா?”

“இல்ல.”

“இல்லைன்னா அடுத்த கேள்வி கெடையாது. முடிஞ்சு போச்சு” என்று சிரித்தாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஆளுக்கு ஒரு குண்டூசியாக அவரவர் வீடு இருக்கும் இடத்தில் குத்தினார். என் பட்டியல்படிதான். பஜார் பக்கம் சிதறலாக நாலைந்து. எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்காரர்கள், அதனால் அவற்றுக்குள் ஒரு தொடர்பும் தெரியவில்லை. மற்றவற்றில் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தது பண்டாரத் தெருக் குழாயடி. அந்தத் தெருவில் ஆட்களும் நெருக்கம்தான், ஆனால் வரைபடத்துக்கு அது தெரியாது.

“இந்தக் குழாயத்தான் முதல்ல நிறுத்தணும்” என்றார் டாக்டர். தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை குழாயை மூடச் சொல்லி நகராட்சிக்குச் சொல்லிவிட்டார். குழாயடியில் கம்மங்கூழ் விற்கிற மாடத்தியின் வண்டியையும் தூக்கிப் போய்விட்டார்கள்.

நான் பக்கத்தில் நின்றேன். கையில் மிச்சக் குண்டூசி டப்பா இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாடத்தி அலுவலக வாசலுக்கு வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும், ஒற்றை நாடி உடம்பு. வேறு யாரிடமும் போகாமல் நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்கதான எழுதுனீய? எங் கூழக் குடிச்சு யாருக்கு வந்திச்சு? ஒரு பேரு சொல்லுங்கம்மா. ஒரே ஒரு பேரு. நான் அவுக கால்ல விழுந்துட்டு, தொழில விட்டுட்டுப் போறேன்.”

மேலதிகாரியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மிட்டாய் கையில் பிசுபிசுத்துப்போனது. பண்டாரத் தெருப் பெண்கள் இப்போது ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். என் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

குழாய்த் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்துவிட்டது. டாக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாம யாரையோ விட்டிருக்கோம் மங்கை. ஆஸ்பத்திரிக்கும் போகாம, வைத்தியர்கிட்டயும் போகாம ஒரு கூட்டம் இருக்கு. அது எங்க இருக்குன்னுதான் தெரியல.” இருக்கலாம் மேடம் என்றேன். குழாயைத் திறக்க மேலேயிருந்து உத்தரவு வர வேண்டுமாம்.

இவருக்குக் கண் தெளிந்துவிட்டது. இன்று ரசத்தில் கடுகு தாளிக்கச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கொத்தனார் அடுத்த வாரம் வருகிறார்.

ஜெசிந்தா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். “நீங்க வைத்தியர் வீட்டுக்குப் போற நாள்ல நான் வேலாண்டி அண்ணன்ட்டயே தண்ணி வாங்கிக்கிடுதேன்க்கா. கோச்சுக்கிடாதீய, ஒங்க வீட்டுத் தண்ணில சீரகம் இல்லல்லா.”

நான் வாரத்தில் நான்கு நாள் வைத்தியர் வீட்டுக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜெசிந்தா காலையிலிருந்து வாந்தி. மாசமாக இருக்கிறவளுக்கு வாந்தி சகஜம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். எட்டாம் மாதத்தில் என்ன வாந்தி? அவளை வெளியே வெயிலுக்குக் கூட்டிப்போய்க் கண்ணைத் திறக்கச் சொன்னேன். இந்தமுறை பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீரால் வருகிற வகைதான் என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. மற்றவர்களுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடுவார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டர் ஜமீலா. பிள்ளையின் துடிப்பு இப்போதைக்கு இருக்கிறது. ஒரு வாரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்.

வீட்டில் சொன்னேன். இவர் தட்டில் கையை வைத்தபடியே இருந்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

பார்க்கப் போனேன். உள்ளங்கைகூட மஞ்சளாகிவிட்டது. அவள் புருஷன் மீன்பிடி வலையை விட்டுவிட்டு ஓடிவந்தவன், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். “ஒங்களப் பத்தியேதாம்மா பேசுவா” என்றான்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ஒரு ஒதவி. இங்க உள்ள தண்ணியக் குடிக்கப் பயமா இருக்கு. நாளைக்கு வரும்போது மெஸ்லருந்து சீரகத் தண்ணி கொண்டாறீயளா?”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையில் நின்று அழுதேன். வெளியே ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜூலை மாதம் இந்த டைரியில் இரண்டு பேருக்கு முகவரி சரியாக இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒருவன் வேலாண்டி. அவன் மெஸ்ஸின் பின்கட்டில் தங்கியிருக்கிறான். இன்னொருவருடைய முகவரி என் முகவரி.

காலையில் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

“சொல்லப் போறேன்.”

“தொட்டியத்தான் பூசியாச்சே மங்கை.”

“அந்தப் பிள்ளைக்குப் பூச முடியுமா?”

நான் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார்.

டாக்டர் ஜமீலாவின் மேசையில் வைத்துப் பெயர்களை எழுதினேன். முதல் பெயர் ஆவுடையப்பன். அடுத்தது வேலாண்டி. பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர்கள் சொன்ன பதிலை எழுதினேன். டாக்டர் சுவரிலிருந்த குண்டூசிகளைப் பிடுங்கி, அவரவர் சாப்பிட்ட இடத்தில் நிறம் மாற்றிக் குத்தினார். கோமதி மெஸ்ஸைச் சுற்றி ஒரே சிவப்பு. பண்டாரத் தெருவில் மூன்றே மூன்று மிஞ்சின.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நோயாளிங்க மறைப்பாங்க, அதுக்குக் கணக்கு வச்சிருக்கோம். எழுதுற ஆளு மறைச்சா அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல, மங்கை.” குண்டூசி டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார். “ஜெசிந்தாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“அதை நான் சொல்ல மாட்டேன்.”

செப்டம்பர் 4, வியாழன்

மெஸ்ஸுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். என்மேல் விசாரணை, வேலை இருக்குமா என்று தெரியாது. பால்காரர் இன்று வாசலில் நிற்கவில்லை, பாக்கெட்டை வீசிவிட்டுப் போனார். புதுப்பெயர் வைத்துவிட்டார்கள் என்று வேலாண்டி வந்து சொன்னான். என்ன பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை.

பண்டாரத் தெருக் குழாயைத் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்க்கத் தோன்றியது, போனேன். மாடத்தி வண்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“பேரு கெடச்சிட்டாம்மா?”

கிடைத்தது என்று சொன்னேன். அவள் அடுத்த குடத்தை எடுத்து வண்டிமேல் ஊற்றினாள்.

செப்டம்பர் 6, சனி

வீட்டில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சீரகம் போட்டு, ஒரு சொட்டுப் பச்சைத்தண்ணீர் கலக்காமல் ஆறவைத்து, பிளாஸ்க்கில் எடுத்துப்போனேன். பிள்ளையின் துடிப்பு இன்னும் இருக்கிறது, தாய்க்குத்தான் ரத்தம் உறைவதில் கோளாறு, இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். அவள் புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

பிளாஸ்க்கைப் பார்த்ததும் ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. மேசைமேல் வைத்தேன். கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“ஜெசி, எங்க வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி வாசிச்சல்லா. அதுக்கு நான் சொன்ன பதில மாத்தணும்.”

வேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். “இப்பயாக்கா? பேனாகூட இல்லையே.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. மேசைமேல் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவளுடைய ஒரு கை வயிற்றின் மேல் போய் நின்றது.

‘ஆம்’ என்று பதில் வந்தால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அந்தப் படிவத்தில் உண்டு. அதைத்தான் கேட்டாள்.

“எப்ப இருந்து?”

“நீ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின வாரத்துல இருந்து.”

வயிற்றின் மேலிருந்த கையை எடுக்காமல், மற்றக் கையால் பிளாஸ்க்கை என் பக்கம் நகர்த்தினாள்.